கள்வனிடம் பொய்யுரைத்தல்: இணைய விளையாட்டுக் கணக்குத் திருட்டும் வாய்மையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

இணைய விளையாட்டுகளில் பிறர் கணக்கைக் கவர முயல்வோரிடம் ஆட்டக்காரர்கள் பொய்யுரைத்து அவர்களை அலைக்கழிப்பதும், சில வேளைகளில் அவர்கள் கையிலுள்ள பொருளையே பறித்துக்கொள்வதும் உண்டு. கள்வனை ஏமாற்றுவது குற்றமன்று என்னும் எண்ணமே இச்செயல்களுக்கு அடிப்படை. இவ்வெண்ணம் எதுவரை செல்லும் என்பதை, ஸ்டீம் தளத்தில் நிகழும் கணக்குத் திருட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு, குரோஷியஸ், காண்ட், சிசெலா போக் ஆகியோரின் கருத்துகளோடும் திருக்குறளின் துறவறவியல் அதிகாரங்களோடும் பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. கடவுச்சொல்லைக் காக்கும் பொய்யையும் கள்வனிடமிருந்து பொருளைக் கவரும் பொய்யையும் ஒரே நியாயத்தால் காக்க இயலாது என்பதும், கணக்குத் திருட்டில் களவுபோவது ஒருவரது அடையாளமே ஆதலின் பொய் யாரைச் சென்று சேர்கிறது என்பது எப்போதும் ஐயத்திற்குரியது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இணைய விளையாட்டு, கணக்குத் திருட்டு, ஸ்டீம், வாய்மை, கள்ளாமை, இன்னாசெய்யாமை, பொய்யின் அறவியல்.

முன்னுரை

ஸ்டீம் தளத்தில் விளையாடும் ஒருவருக்கு, நெடுநாள் பழகிய நண்பரின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வருகிறது. தவறுதலாக உன் கணக்கின்மீது புகார் அளித்துவிட்டேன், அது முடக்கப்படக்கூடும், டிஸ்கார்டில் இன்ன அதிகாரியைத் தொடர்புகொண்டால் சரிசெய்துவிடுவார் என்பது அச்செய்தியின் சாரம். அதிகாரி போலியானவர். நண்பரின் கணக்கு முன்னரே களவுபோய்விட்டது. செய்தி அனுப்பியவர் நண்பரல்லர்.

இம்மோசடி இன்று பலரும் அறிந்ததே. அறிந்த ஒருவருக்கு இச்செய்தி வரும்போது அவர் பேசாது விலகலாம். தள நிர்வாகத்திற்கு அறிவிக்கலாம். இவை இரண்டும் அறவியல் சிக்கல் எதையும் எழுப்புவதில்லை. ஆனால் பலர் மூன்றாவது வழியைத் தேர்கின்றனர். ஏமாறுபவர்போல் நடித்து, தவறான கடவுச்சொல்லைத் தந்து, மணிக்கணக்கில் பேச்சை வளர்த்து, இறுதியில் உண்மையை உடைத்துக் கள்வனை நகையாடுகின்றனர். அதனினும் ஒரு படி மேலே சென்று, கள்வன் வைத்திருக்கும் விளையாட்டுப் பொருள்களைப் போலிப் பரிமாற்றத்தால் கவர்வோரும், அவனது கணினியுள் தீங்குநிரலைப் புகுத்த முயல்வோரும் உளர். 'கள்வனுக்குக் கள்வன்' என்னும் பெருமிதம் இவர்கள் பேச்சில் வெளிப்படையாகவே இருக்கும். நகையாடலையும் பறிமுதலையும் ஒரே விளையாட்டின் இரு கட்டங்களாகக் கருதும் இம்மனப்பாங்கே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

களவு நிகழும் முறை

பொய்யின் நியாயத்தை எடைபோடுவதற்குமுன் களவின் தன்மையை அறிதல் வேண்டும். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் தம்முள் பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் வசதியை ஏற்படுத்தியது. துப்பாக்கிகளுக்கான வண்ண மேலுறைகளாகிய 'ஸ்கின்'கள் முதலான பொருள்கள் நாளடைவில் பணமதிப்புப் பெற்றன. 2015 டிசம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாகக் கூறப்பட்டது. ஏமாறியோர் அனுபவமற்ற புதியவர்கள் மட்டுமல்லர்; தொழில்முறை ஆட்டக்காரர்களும் பொருள் வணிகத்தில் தேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது.

அதே அறிக்கையின் மற்றொரு பகுதி அறவியல் நோக்கில் இதனினும் முதன்மையானது. களவுபோன பொருள் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு விரைவாகக் கைமாறி, இறுதியில் ஏதுமறியாத ஒருவருக்கு விற்கப்படுகிறது. அதனைப் பறித்து முதல் உரிமையாளருக்கு அளித்தால் குற்றமற்ற வாங்குநர் இழப்படைவார். எனவே நிறுவனம் பொருளை வாங்கியவரிடமே விட்டுவிட்டு, இழந்தவருக்கு அதன் நகலை உருவாக்கித் தந்தது. நகல் பெருகப்பெருக அதே பொருளை வைத்திருந்த அனைவரது உடைமையின் மதிப்பும் குறைந்தது. ஒருவருக்குச் செய்யும் நீதி, தொடர்பற்ற பலரின் கையிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துத் தரப்பட்டது எனலாம். இதன்பின் கைப்பேசி வழி உறுதிப்படுத்தாதோரின் பரிமாற்றங்கள் மூன்று நாள்வரை நிறுத்திவைக்கப்படும் என்னும் விதி வந்தது.

கள்வர் கையாளும் முறைகளும் மாறிவந்துள்ளன. உலாவியின் உட்புறத்தே மற்றோர் உலாவிச் சாளரம் திறந்ததுபோல் வரையப்பட்ட போலி நுழைவுப்பக்கங்கள் 2022 முதல் கவனம் பெற்றன. அச்சாளரத்தின் முகவரிப்பட்டையில் காணப்படும் சரியான முகவரியும் வரையப்பட்ட படமே. மற்றொரு முறையில், கணக்கினுள் ஒருமுறை நுழைந்த கள்வன் அக்கணக்கின் பெயரில் ஒரு நிரல்திறவியைப் பெற்றுக்கொண்டு காத்திருப்பான். உரிமையாளர் நம்பகமான ஒருவருக்குப் பொருளை அனுப்பும் வேளையில் அப்பரிமாற்றம் தானாக நீக்கப்பட்டு, அதே பெயரும் படமும் கொண்ட வேறொரு கணக்கிலிருந்து புதிய கோரிக்கை வந்து நிற்கும். உரிமையாளர் தம் கையாலேயே ஒப்புதல் தருவார்.

இவ்விரு முறைகளிலும் பூட்டு உடைக்கப்படுவதில்லை. உரிமையாளரின் கவனம் சற்றே தளரும் நொடி பயன்படுத்தப்படுகிறது. கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் களவைக் கையாளும் முறை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அவ்வதிகாரத்துள் களவு வலிந்து பறித்தலாகப் பேசப்படுவதில்லை. வஞ்சனையால் கவர நினைத்தலும் தீதென்பதும் (குறள் 282), பிறர் பொருளை விரும்பி அவரது 'பொச்சாப்பு' நிகழும் வேளையைப் பார்த்திருப்போரிடம் அருளும் அன்பும் இல்லை என்பதும் (குறள் 285) அங்குக் கூறப்படுகின்றன. சோர்வு பார்த்திருத்தல் என்னும் இக்கருத்து, தூண்டில் மோசடியின் இயல்பை இன்றைய கலைச்சொற்கள் பலவற்றினும் துல்லியமாகக் காட்டுகிறது.

உடைமையும் விளையாட்டு எல்லையும்

'விளையாட்டுப் பொருள்தானே' என்னும் எதிர்வாதம் இங்கு எழக்கூடும். நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 31 அன்று அளித்த தீர்ப்பு இதற்கு விடையளித்துள்ளது. ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு சிறுவன் ஈட்டியிருந்த தாயத்து ஒன்றையும் முகமூடி ஒன்றையும், வேறிரு சிறுவர்கள் அவனை அடித்தும் கத்தியைக் காட்டி மிரட்டியும் தம் கணக்கிற்கு மாற்றச் செய்தனர். நிகழ்வு நடந்தது 2007இல். கையால் தொட இயலாத பொருளாயினும், நேரமும் உழைப்பும் செலுத்தி ஈட்டப்பட்டது, ஒருவரது கட்டுப்பாட்டில் இருந்து மற்றவரது கட்டுப்பாட்டிற்கு மாறக்கூடியது என்னும் காரணங்களால் அது களவிற்கு உரிய பொருளே என நீதிமன்றம் முடிவு செய்தது.

மறுபுறம், ஏமாற்றுதலையே ஆட்டத்தின் பகுதியாகக் கொண்ட விளையாட்டுகளும் உள்ளன. ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2005ஆம் ஆண்டு ஒரு கூலிப்படைக் குழுவினர் மற்றொரு குழுவினுள் நீண்டகாலம் உறுப்பினராய் ஊடுருவியிருந்து அதன் சொத்துகளைக் கவர்ந்தனர். விளையாட்டை நடத்தும் நிறுவனம் இதனை விதிமீறலாகக் கொள்ளவில்லை. யோஹான் ஹைசிங்கா 1938இல் வெளியிட்ட தம் நூலில் விளையாட்டு தனக்கெனக் காலமும் இடமும் விதியும் வகுத்துக்கொள்ளும் தனி வட்டம் என்று விளக்குவார். ஈவ் ஆன்லைனில் ஏமாற்றியவரும் ஏமாறியவரும் அவ்வட்டத்தினுள் விரும்பி நுழைந்தவர்கள். கடவுச்சொல்லைக் கவர்பவனோ வட்டத்தின் வெளியே நின்று, ஆட்டக்காரரையே வட்டத்திலிருந்து அகற்றிவிட்டு அவரது இடத்தில் அமர்கிறான். எனவே அவனை எதிர்த்துச் செய்யும் ஏமாற்றும் ஆட்டத்தின் பகுதி ஆகாது. அதனை வாழ்வியல் அறத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

உண்மை பெறும் உரிமை

பொய் ஏன் தீது என்னும் வினாவிற்கு ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட போரும் அமைதியும் குறித்த நூலில் தரும் விடை, கேட்பவரின் உரிமையை மையமாகக் கொண்டது. சொல்லைக் கேட்பவருக்கு உண்மையைப் பெறும் உரிமை உண்டு; அவ்வுரிமை மீறப்படும்போதே பொய் தீதாகிறது. உரிமை இழந்தவரிடம் கூறும் பொய்யால் அநீதி விளைவதில்லை. கள்வனிடம் பொய்யுரைப்போர் அறியாமலே மேற்கொள்வது இவ்வாதத்தையே.

இமானுவேல் காண்ட் இதற்கு எதிர்முனையில் நிற்பவராகவே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறார். நண்பனைக் கொல்லத் தேடிவந்தவனிடமும் பொய்யுரைத்தல் ஆகாது என்று 1797ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் வாதிட்டார். எனினும் அதற்கு முந்தைய அவரது அறவியல் விரிவுரைகளில் வேறொரு குரல் கேட்கிறது. கழுத்தைப் பிடித்துப் பணம் எங்கே என்று கேட்கும் பகைவன் உண்மையைத் தீயவழியில் பயன்படுத்தவே கேட்கிறான். அவனிடம் உண்மையை மறைத்துக் கூறுவது முழுப்பொருளில் பொய்யாகாது என்பது அங்குக் காணப்படும் கருத்து. கடவுச்சொல்லைக் கேட்கும் கள்வன், பணம் எங்கே என்று கேட்பவனுக்கு நிகரானவனே. ஆயினும் இவ்வெடுத்துக்காட்டில் கழுத்து பிடிக்கப்பட்டிருக்கிறது. பேசாதிருத்தல் என்னும் வழி அங்கு அடைபட்டுள்ளது. இணையக் கள்வனிடமிருந்து ஒரு பொத்தானை அழுத்தி விலகிவிடலாம். இவ்வேறுபாட்டைக் கருதாது காண்டின் சலுகையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

சிசெலா போக் 1978இல் வெளியிட்ட பொய்யைப் பற்றிய தம் நூலில், பொய்யரிடமும் பகைவரிடமும் பொய்யுரைத்தல் குறித்துத் தனித்தனி இயல்களில் ஆராய்கிறார். பொய்யன், தன்னிடம் பொய்யுரைக்கப்பட்டது என்று முறையிடும் தகுதியை இழக்கலாம். ஆனால் அதனாலேயே பொய்யுரைப்பவருக்கு உரிமம் கிடைத்துவிடாது. பொய் அவ்விருவரோடு நிற்பதில்லை. உரைப்பவரின் பழக்கத்தையும் சூழ்ந்துள்ளோரின் நம்பிக்கையையும் தொடுகிறது. குரோஷியஸின் வாதத்தில் விடுபடுவது இம்மூன்றாமவரே. கணக்குத் திருட்டில் அம்மூன்றாமவர் எங்கோ தொலைவில் இருப்பவரல்லர். அவரது பெயரும் முகப்புப்படமும்தான் திரையில் தெரிகின்றன.

தமிழ் மரபில் இவ்வினாவிற்கு விடையாகப் பலரும் உடனே சுட்டுவது 292ஆம் குறளை. குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் அதன் கருத்து, கள்வனை ஏமாற்றுவோருக்கு முழு ஆதரவு தருவதுபோல் தோன்றும். ஆனால் நன்மைக்கு இடப்பட்ட அடைமொழியே அங்கு அளவுகோல். கேட்டிலோ சாவிலோ வீழவிருந்த ஓர் உயிர் அப்பொய்யால் நீங்கி இன்புறுதலைப் பரிமேலழகர் அந்நன்மையாக விளக்குவார். கள்வனை நகையாடிப் பெறும் மகிழ்ச்சி இவ்வரையறையுள் அடங்காது.

அதிகார வைப்பும் கருதத்தக்கது. பரிமேலழகர் கொண்ட வரிசையில் கள்ளாமை (29), வாய்மை (30), வெகுளாமை (31), இன்னாசெய்யாமை (32) என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. களவு, பொய், சினம், பழிக்குப்பழி என்பதாக, கணக்கை இழந்த ஒருவர் உள்ளத்தில் நிகழும் படிநிலைகளும் இவையே. இவை துறவறவியலைச் சார்ந்தவை ஆதலின் இல்வாழ்வானுக்கு அப்படியே விதியாகா என்று கூறுவது பொருத்தமான தடையே. தனக்குத் தீங்கிழைத்தவனுக்கும் மீண்டும் இன்னா செய்யாமையை மாசற்றாரின் கோட்பாடாகக் கூறும் 312ஆம் குறளை விளையாட்டுத்தளத்தின் நடத்தை விதியாக்க வேண்டியதில்லை. எனினும் 292ஆம் குறளை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொண்டு, இரண்டு அதிகாரம் தள்ளி நிற்பதைக் காணாது விடுவது நேர்மையான வாசிப்பாகாது.

தடுக்கும் பொய்யும் பறிக்கும் பொய்யும்

கள்வனிடம் கூறப்படும் பொய்கள் தம் பயனால் இருவகைப்படும். கள்வன் நாடி வந்தது அவனுக்குக் கிட்டாமற் செய்வது ஒன்று. தவறான கடவுச்சொல், இல்லாத தடங்கல், 'சற்றுப் பொறுங்கள்' என்னும் நடிப்பு ஆகியவை இதன்பாற்படும். கள்வனிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பெறுவது மற்றொன்று. முதல்வகைப் பொய் முழு வெற்றி பெற்றாலும், அது சொல்லப்படாமல் இருந்திருந்தால் எப்படியோ அப்படியே உடைமைகள் உரியவரிடம் இருக்கும். இரண்டாம் வகை வெற்றி பெற்றால் ஒரு பொருள் கைமாறியிருக்கும்.

கைமாறிய பொருள் யாருடையது என்று கேட்டால் இரண்டாம் வகையின் நியாயம் குலைகிறது. கள்வன் கணக்கிலுள்ள அரிய ஸ்கின் பெரும்பாலும் முன்னர் ஏமாந்த ஒருவருடையது. அதனைப் பறித்தவர் அவரைத் தேடித் திருப்பித் தருவதில்லை, தேடினாலும் காண்பதரிது. எனவே 'கள்வனுக்குக் கள்வன்' என்பவர் உண்மையில் ஒரே பொருளின் இரண்டாம் கள்வரே. மேலும் அப்பொருள் அவரிடமிருந்து மற்றொருவருக்கு விற்கப்படும்போது, 2015ஆம் ஆண்டு அறிக்கை விவரித்த கைமாற்றச் சங்கிலியில் அவர் ஒரு கண்ணியாகிவிடுகிறார். 2025 ஜூலையில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 பொருள்களுக்கு, ஏழு நாளுக்குள் பரிமாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதியை வால்வ் கொண்டுவந்தது. உரியவர் தம் பொருளைத் தாமே மீட்க வழியிருக்கும் அந்நாள்களில் இடையில் நுழைந்து பறிப்பவரின் செயலுக்கு 'மீட்பு' என்னும் பெயரும் பொருந்தாது.

தீங்குநிரலைப் புகுத்துதல் இதனினும் வெளிப்படையான மீறல். 1986ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமும் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகின்றன. முன்னர் பாதிக்கப்பட்டவர் என்பதற்காக எவருக்கும் அவை விலக்களிப்பதில்லை. தாக்கப்பட்டோர் வரம்பிற்குட்பட்டு எதிர்நடவடிக்கை எடுக்க இடமளிக்கும் மசோதா ஒன்று 2017இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை.

நேரத்தைக் கவரும் பொய்

தடுக்கும் பொய்யிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. விலகிச் செல்ல வழியிருந்தும் பேச்சை வளர்ப்பது எதற்காக? கள்வனின் நேரத்தை வீணடித்தால் அந்நேரத்தில் பிறர் ஏமாறாமல் இருப்பர் என்பது வழக்கமான விடை. இதற்கு ஆய்வுவழி ஆதரவும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012இல் எழுதிய கட்டுரையில், மோசடிக்காரர்களுக்குப் பெருஞ்செலவு ஏமாறாதவர்களோடு பேசும் நேரமே என்றும், நம்பத்தகாத கதைகளை அவர்கள் கூறுவது எளிதில் நம்புவோரை மட்டும் வடிகட்டவே என்றும் விளக்கினார். ஏமாறுவதுபோல் நடிப்போர் பெருகினால் அவ்வடிகட்டி பயனிழக்கும்.

ஆனால் இவ்வாதம் எதிரில் மனிதன் அமர்ந்து உரையாடும் மோசடிக்கே பொருந்தும். போலி நுழைவுப்பக்கம் தானியங்கி. அதற்கு வீணாகும் நேரமில்லை. அப்பக்கத்தில் கற்பனைப் பெயர்களை இட்டு நிரப்புவோர் கருதாத இடர் ஒன்றும் உண்டு. மனம்போனபடி தட்டச்சிடும் பெயர், எங்கோ ஒருவரது உண்மையான கணக்கின் பெயராக அமைந்துவிடலாம்.

நேரத்தைக் கவரும் பொய்யின் சிறந்த முன்மாதிரி விளையாட்டுக்கு வெளியே உள்ளது. 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்டு ஸ்டால், 75 சென்ட் கணக்கு வேறுபாட்டைத் துருவப்போய், பிறர் கணக்குகளின் வழியே கணினியுள் உலவிய ஊடுருவி ஒருவரைக் கண்டார். தொலைபேசித் தடம் பிடிபடும்வரை அவரை இணைப்பில் நிறுத்திவைக்க, இல்லாத ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் பெயரால் போலி ஆவணங்களை எழுதி வைத்தார். ஊடுருவி அவற்றை நெடுநேரம் படித்தார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. முக்கியமான கோப்பை ஊடுருவி நெருங்கிய வேளைகளில் ஸ்டால் சாவிக்கொத்தைக் கம்பியில் உரசி, தொலைபேசி இணைப்பில் இரைச்சல் எழுந்ததுபோல் காட்டினார் என்பது அவரது நூலில் வரும் சுவையான செய்தி. சாவிக்கொத்தும் ஒரு பொய்யே. ஆனால் அவரது பொய்கள் எல்லாம் அவரது ஆய்வகத்தின் எல்லைக்குள் நின்றன; ஊடுருவியிடமிருந்து எதையும் கவரவில்லை; விசாரணை அமைப்புகளுக்கு அவர் தொடக்கம் முதலே தெரிவித்து வந்தார். ஒரு பொய், அறிவார்ந்த பொதுமக்கள் முன் வைத்து நியாயப்படுத்தத்தக்கதா என்று போக் கேட்கும் சோதனையை இது எளிதில் கடக்கும். இறுதி நகையாடலுக்காக மட்டும் வளர்க்கப்படும் உரையாடல் கடக்குமா என்பது ஐயமே.

எதிரில் இருப்பவர் யார்

மேற்கண்ட வேறுபாடுகள் அனைத்தும் எதிரில் இருப்பவன் கள்வன் என்னும் உறுதியை முன்கொண்டவை. அவ்வுறுதியே இக்களவில் கிடைப்பதரிது. வீடு புகுந்த கள்வனுக்கு அவனுடைய முகம் உண்டு. கணக்குக் கள்வனோ முன்பு இழந்தவரின் முகத்தை அணிந்து வருகிறான். உரையாடலைப் படமெடுத்து, கணக்கின் பெயரோடு பொதுவெளியில் இட்டு இழிவுபடுத்தும்போது இழிவு சேர்வது அப்பெயருக்கு உரியவரிடம். அவர் தம் கணக்கை மீட்ட பின்னும் அப்படங்கள் அழிவதில்லை. கள்வன் யார் என்று அறிந்த நிலையிலும் வியப்பு காத்திருக்கலாம். நெதர்லாந்து வழக்கில் கத்தியைக் காட்டியவர்களும் பதின்வயதினரே.

தண்டனையின் தன்மை கொண்ட பொய்களை இந்நிலையில் ஏற்க இயலாமைக்குக் காரணம் கள்வன்மீது கொள்ளும் இரக்கம் மட்டுமன்று. குரோஷியஸ் கூறியவாறு கள்வன் உரிமை இழந்தவன் என்றே கொண்டாலும், திரையில் தெரியும் பெயருக்கு உரியவர் அதனை இழக்கவில்லை. கடவுச்சொல்லைத் தராது காக்கும் பொய் அவரைத் தொடுவதில்லை. ஏனைய பொய்கள் பெரும்பாலும் அவரைத் தொட்டே கள்வனை அடைகின்றன.

முன்னுரையில் கண்ட செய்தியைப் பெற்றவருக்கு மீண்டும் வருவோம். அவர் போலி அதிகாரியோடு நடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அதே நண்பரின் பெயரால் அதே செய்தி நண்பர் பட்டியலிலுள்ள மற்றவர்களுக்கும் சென்றுகொண்டிருக்கும். நண்பரோ தம் கணக்கு கைமாறியதை இன்னும் அறியாமல் இருக்கலாம். அவரிடம் வேறு வழியாக, ஒரு தொலைபேசி அழைப்பின் மூலமேனும், உண்மையைத் தெரிவிக்க ஆகும் நேரம் ஓரிரு நிமிடங்கள். கள்வனிடம் எவ்வளவு திறமையாகப் பொய்யுரைப்பது என்னும் பேச்சில் இவ்வழைப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.